லாரி ஓட்டுநரும் நேரக் கணக்கும்



வரலாறு என்றவுடன் அரசர்களின் போர்களும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு தொழிலாளி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கலாம், அந்த நேரத்தை யார் எழுதி வைப்பது, எழுதி வைத்த நேரத்திற்குக் கூலி உண்டா என்னும் கேள்விகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. லாரி ஓட்டுநரின் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வரலாற்றை இன்று ஒருவாறு ஆராய்வோம்.

சரக்கை நெடுந்தூரம் கொண்டு செல்லும் தொழில் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. நெய்தல் நிலத்து உப்பை மாட்டுவண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்ற உமணரைச் சங்க இலக்கியம் நமக்குக் காட்டுகிறது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் செல்வது அவர்கள் வழக்கம். அந்த மாற்று அச்சுக்கு ஒரு தலைவனை ஒப்பிட்டு ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. உமணர்க்குக் கடிகாரம் இல்லை. எனினும், அவர்கள் வேலைக்கு ஓர் எல்லை இருந்தது. எருது களைத்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வண்டியோட்டியும் இளைப்பாறுவான். எருதின் களைப்பே மனிதனுக்குக் காவலாக அமைந்தது எனலாம்.

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் அமைந்த எங்கள் இளையரசனேந்தல் வட்டாரத்திலும் மாட்டுவண்டிக் காலம் நெடுநாள் நீடித்தது. கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி வண்டிகளில் தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சென்றது. 1870களில் கோவில்பட்டி வழியே தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தபின் நெடுந்தூரச் சரக்கு ரயிலுக்கு மாறிற்று. பின்னர் மோட்டார் வந்தது. 1912ஆம் ஆண்டளவில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மோட்டார் வண்டிப் போக்குவரத்தில் இறங்கினார். 1920இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். இன்று எங்கள் பகுதியின் தீப்பெட்டிப் பண்டல்கள் கோவில்பட்டியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் லாரிகளில் ஏறி வடநாடு செல்கின்றன.

மோட்டாரின் வருகையால் நேர்ந்த ஒரு மாற்றத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். எருது களைக்கும், எஞ்சினோ களைக்காது. எண்ணெய் ஊற்றினால் இரவும் பகலும் ஓடும். ஆகவே, பழைய இயற்கைக் காவல் மறைந்தது. களைப்படைவது ஓட்டுநர் ஒருவரே என்னும் நிலை ஏற்பட்டது. அவருக்கு ஓய்வு வேண்டுமானால் அதனை இனிச் சட்டமே வகுக்க வேண்டியதாயிற்று.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்பணியை மேற்கொண்டது. சரக்கு வண்டியையோ பயணிகள் வண்டியையோ ஓட்டுபவரைத் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. அரை மணி நேரமேனும் ஓய்வளிக்க வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரமும் வாரத்திற்கு 54 மணி நேரமுமே எல்லை. இவ்வாறு சட்டம் கூறிற்று. பேருந்தைப் பொறுத்தவரை இதனை ஓரளவு சரிபார்க்க இயலும். அதற்குக் குறித்த புறப்பாட்டு நேரம் உண்டு. டிரிப் ஷீட் உண்டு. காத்திருக்கும் பயணிகளே சாட்சிகள். லாரிக்கோ அத்தகைய சாட்சிகள் இல்லை. அது எப்போது புறப்பட்டது, வழியில் எங்கே நின்றது, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் கண்ணயர்ந்தார் என்பனவற்றை அவரும் உடன் செல்லும் கிளீனருமே அறிவர்.

நாடு விடுதலை பெற்றபின், 1961இல், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. இது முன்னையதினும் விரிவானது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று அது வரையறுத்தது. நெடுந்தூரப் பாதைகளில் நாளுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி வரை இடமளித்தது. ஓய்வையும் சேர்த்து ஒரு நாளின் வேலை 12 மணி நேரப் பரப்பிற்குள் அடங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி வேண்டும் என்றும் விதித்தது. மனிதநேயம் மிக்க ஏற்பாடுகளே இவை.

ஆயினும், அச்சட்டத்தை நுணுகிப் படித்தால் இரண்டு இடைவெளிகள் புலப்படும். முதலாவது, அது எதனை வேலை நேரம் என்று கொண்டது என்பது. வண்டி ஓடும் நேரம் வேலை நேரமே. கணக்கெழுதுதல், பதிவேட்டில் ஒப்பமிடுதல், சரக்கேற்றுதல், இறக்குதல், வண்டியைப் பழுதுபார்த்தல் போன்ற துணை வேலைகளும் வேலை நேரமே. ஆனால், முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்திற்குக் குறைவாக இருந்தால் மட்டுமே அக்கணக்கில் சேரும். அதற்கு மேற்பட்ட காத்திருப்பு அதில் அடங்குவதில்லை. லாரித் தொழிலின் இயல்பை எண்ணிப் பாருங்கள். கிடங்கு வாயிலில் வரிசையில் நிற்பதும், லோடு கிடைக்கும் வரை புக்கிங் ஆபீஸ் முன் தங்குவதும் எத்தனை நேரமாகும்! பல சமயம் அவை நாட்கணக்கில் நீளும். அந்நேரத்தில் ஓட்டுநர் வீட்டில் இல்லை. வண்டியை விட்டுப் போகவும் முடியாது. ஆனால், வேலையில் இருப்பதாகவும் கொள்ளப்படுவதில்லை.

இரண்டாவது இடைவெளி இன்னும் பெரிது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணியாற்றும் நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி முதலிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. மழை பொய்த்த புன்செய் நிலத்து உழவர் பலர் கடன் பெற்று ஒரு லாரி வாங்கி, தாமே ஓட்டி, அத்தொழிலில் காலூன்றினர். இந்தியா முழுவதிலும் லாரிகளில் பெரும்பகுதி, ஓரிரு வண்டிகளே உடைய சிறு உரிமையாளர்களிடம்தான் இருக்கிறது. அவர்களிடம் வேலை செய்யும் ஓட்டுநர் பலர் ஐவர் என்னும் எண்ணிக்கைக்குக் கீழேயே நின்றுவிட்டனர். சட்டம் பெரிய வாயிலில் காவல் நிற்க, தொழிலாளரோ சிறிய வாயில் வழியாகப் போய் வந்தனர்.

இனி, கூலி முறையைக் காண்போம். ஆலைத் தொழிலாளியைப் போல் லாரி ஓட்டுநர் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்றோ, வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு பங்கு என்றோ, நாட்படியாகிய பேட்டா என்றோ பலவாறாக அவருடைய வருவாய் அமைகிறது. இவற்றுள் நடைக் கூலியும் வாடகைப் பங்கும் வண்டி ஓடினால்தான் கிடைக்கும். நேரக் கட்டுப்பாடு என்பது இத்தகைய கூலி முறையோடு மோதும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். இதிலுள்ள தொகைகள் கணக்கின் பொருட்டுக் கொண்டவை.

கோவில்பட்டியிலிருந்து வடநாட்டு நகர் ஒன்றிற்கு 2,600 கிலோமீட்டர் என்றும், ஒரு நடைக்குக் கூலி 13,000 ரூபாய் என்றும் கொள்வோம். வண்டி மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் சென்றால் ஓட்டும் நேரம் 65 மணி. ஓட்டுநர் நாளொன்றுக்கு 13 மணி நேரம் ஓட்டினால் 5 நாளில் போய்ச் சேர்வார். ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நாள் இரண்டைச் சேர்த்தால் மொத்தம் 7 நாள். ஒரு நாளைக்கு 1,857 ரூபாய் கிடைக்கும். அவரே 8 மணி நேரம் மட்டும் ஓட்டினால் பயணத்திற்கு ஏறத்தாழ 8 நாளும், காத்திருப்பிற்கு 2 நாளுமாக ஏறத்தாழ 10 நாள் ஆகும்; ஒரு நாளைக்கு 1,300 ரூபாய்தான். நடைக் கூலி மாறவில்லை, சாலை மாறவில்லை. ஓய்வு பெற்றதற்காக அவருடைய நாள் வருவாயில் பத்தில் மூன்று பங்கு குறைகிறது. ஆகவே, தமக்குத் துணையாக வந்த நேரச் சட்டத்தை ஓட்டுநரே மீற வேண்டியவராகிறார். இது அவருடைய பேராசையன்று. கூலிக் கணக்கின் விளைவு.

இதே சிக்கலைப் பிற நாடுகள் எவ்வாறு எதிர்கொண்டன? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1930களின் இறுதியிலேயே லாரி ஓட்டுநரின் வேலை நேரத்திற்கு எல்லை வகுத்து, ஒவ்வொரு ஓட்டுநரும் தம் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என விதித்தனர். இன்றைய விதிப்படி சரக்கு லாரி ஓட்டுநர் 10 மணி நேர ஓய்விற்குப் பின், 14 மணி நேரப் பரப்பிற்குள் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். ஆனால், அங்கும் நெடுந்தூர ஓட்டுநர் பெரும்பாலோர்க்கு மைல் கணக்கில்தான் கூலி. 1938இல் வந்த நியாயத் தொழில்தரச் சட்டம் மற்றத் தொழிலாளர் பலர்க்கு மிகைநேரக் கூலி வழங்கியது. அவ்வுரிமையிலிருந்து மாநிலம் கடந்து செல்லும் லாரி ஓட்டுநர் விலக்கப்பட்டனர். மைலுக்குக் கூலி, மணிக்குக் கட்டுப்பாடு என்னும் இரண்டிற்கும் இடையே அகப்பட்ட குறிப்பேட்டில் உண்மை எப்படி நிலைக்கும்? அதனைப் படக்கதைப் புத்தகம் என்று ஓட்டுநர்களே கேலி செய்யும் நிலை வந்தது.

இதற்கு மாற்றாக வந்ததே மின்னணுப் பதிவுக் கருவி. அது எஞ்சினோடு இணைக்கப்பட்டிருக்கும். வண்டி நகர்ந்தவுடன் ஓட்டும் நேரம் தானே பதிவாகும். எழுதி அழிக்கும் பேச்சுக்கே இடமில்லை. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2017 டிசம்பர் 18 முதல் இக்கருவி கட்டாயமாயிற்று. முன்னரே பொருத்தப்பட்ட பழைய வகைக் கருவிகளுக்கு அளித்த விலக்கும் 2019 டிசம்பரில் முடிவுற்றது.

விளைவு யாது? ஆய்வாளர் சிலர் அரசின் சோதனைப் பதிவுகளையும் விபத்துப் பதிவுகளையும் ஒப்பிட்டு நோக்கினர். நேர விதியை மீறும் குற்றங்கள் குறைந்தன. அம்மட்டில் கருவி தன் வேலையைச் செய்தது. ஆனால், விபத்துகள் எதிர்பார்த்தபடி குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சிறு நிறுவனங்களின் வண்டிகளில் மிகுவேகம் முதலிய குற்றங்கள் பெருகியிருக்கக் கண்டனர். காரணத்தை உய்த்துணர்வது எளிது. கிடங்கில் நான்கு மணி நேரம் வீணானாலும் 14 மணி நேரக் கடிகாரம் நிற்பதில்லை. இழந்த நேரத்தைக் குறிப்பேட்டில் ஈடுசெய்ய இயலாதவர் சாலையில் ஈடுசெய்ய முயல்கிறார். கருவி நேரத்தைத் திருத்திற்று, கூலியைத் திருத்தவில்லை.

ஐரோப்பாவில் வரலாறு சற்று வேறு வகையாகச் சென்றது. 1969இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஓட்டும் நேரத்திற்கு விதி வகுத்தது. 1970இல் டாக்கோகிராப் என்னும் பதிவுக் கருவி பற்றிய விதி வந்தது. ஒரு வட்டத் தாளில் இருபத்து நான்கு மணி நேரத்து வேகத்தையும் தூரத்தையும் ஓய்வையும் கோடுகளாக வரையும் கருவி அது. பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் அதனை ‘வண்டிக்குள் இருக்கும் ஒற்றன்’ என்று வெறுத்தனர். பிரிட்டன் அதனைக் கட்டாயமாக்கத் தயங்கியபோது ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் அந்நாட்டிற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2006 மே மாதம் முதல் புதிய வண்டிகளில் அக்கருவி மின்னணு வடிவம் பெற்றது. இவற்றினும் முக்கியமானது ஐரோப்பிய விதியில் உள்ள வேறொரு பகுதி. சாலைப் பாதுகாப்பிற்கு ஊறு விளைக்கும் வகையில், சென்ற தூரத்தையோ சுமந்த சரக்கின் அளவையோ கொண்டு ஓட்டுநர்க்குக் கூலியோ ஊக்கத்தொகையோ வழங்கலாகாது என்பதே அது. அமெரிக்க விதி கடிகாரத்தை மட்டும் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய விதி கடிகாரத்தையும் கூலியையும் ஒருங்கே நோக்கியது. நடைமுறையில் அங்கும் மீறல்கள் உண்டு. எனினும், நோய்க்குக் காரணம் எங்கே இருக்கிறது என்பதை அவ்விதி உணர்ந்திருக்கிறது.

நம் நாட்டிலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் 1973இல் வேலைநிறுத்தம் செய்தனர். பணிக்கு வந்து ஒப்பமிட்ட நேரம் முதல் ஒப்பமிட்டு வெளியேறும் நேரம் வரை முழுவதையும் வேலையாகக் கொள்ள வேண்டும் என்பதும், அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. 10 மணி நேரம் என்னும் எல்லையை அரசு அன்று ஏற்றது. இங்கே கணக்கு தொடங்குவது சக்கரம் சுழலும்போதன்று. தொழிலாளி தம் நேரத்தை முதலாளியிடம் ஒப்படைக்கும்போது. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், ஓட்டுநரின் வாழ்க்கையே அதில் அடங்கியிருக்கிறது.

இன்று இந்திய லாரியின் நிலை என்ன? அதனைச் சுற்றி மின்னணுப் பதிவுகள் பல உள்ளன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து மாநில எல்லை வரிச் சாவடிகள் நீங்கின. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்கும் சரக்கிற்கு இ-வே பில் வேண்டும். அது நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் என்னும் கணக்கில் செல்லுபடியாயிற்று. 2021 ஜனவரி முதல் அது 200 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாகி, வண்டி சாவடியைக் கடக்கும் மணியும் நிமிடமும் பதிவாகின்றன. உரிமையாளர் பலர் தாமாகவே ஜி.பி.எஸ். கருவி பொருத்தி, வண்டி நிற்குமிடத்தைத் தம் கைப்பேசியில் காண்கின்றனர். சரக்கிற்குக் கணக்கு உண்டு. சுங்கத்திற்குக் கணக்கு உண்டு. டீசலுக்குக் கணக்கு உண்டு. ஓட்டுநர் உறங்கிய நேரத்திற்கு மட்டும் கணக்கில்லை. அவருடைய வேலை நேரத்தை மின்னணுக் கருவியில் பதிய வேண்டும் என்று லாரிகளுக்கெல்லாம் பொதுவான கட்டாயம் இந்நாட்டில் இதுவரை ஏற்படவில்லை.

2021 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு உள்ளதைப் போல் லாரி ஓட்டுநர்க்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்றும், உறக்கத்தைக் கண்டறியும் கருவிகளை வண்டிகளில் பொருத்த வேண்டும் என்றும் கூறினார். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பதை நோக்கினால் அக்கருத்தின் இன்றியமையாமை விளங்கும். ஆனால், சட்டத்தின் எல்லை இதற்கிடையே வேறு வகையில் நகர்ந்துவிட்டது. 1961ஆம் ஆண்டின் சட்டம், 2020இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்பில் இணைக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் ஐந்து தொழிலாளர் உள்ள மோட்டார் நிறுவனத்தைத் தன் காவலில் கொண்டது. புதிய தொகுப்போ பத்துத் தொழிலாளர் உள்ள நிறுவனத்தையே கொள்கிறது. சிறு உரிமையாளரிடம் வேலை செய்யும் ஓட்டுநர் முன்னினும் தொலைவில் நிற்கிறார்.

அங்ஙனமாயின், மின்னணுப் பதிவு நன்மையா, தீமையா? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பதிவு இருந்தால் ஓட்டுநர் கையில் ஒரு சான்று இருக்கும். இரவு முழுவதும் ஓட்டிவந்தவரை உடனே திரும்பிச் செல்லப் பணித்தால், “என் நேரம் முடிந்தது, இதோ பதிவு” என்று அவர் காட்டலாம். கிடங்கு வாயிலில் இரு பகல் காத்திருந்ததைச் சொல்லிக் கூலி கேட்கலாம். சான்றில்லாத உழைப்பு வாதத்தில் தோற்கும் என்பது தொழிலாளர் வரலாறு முழுவதும் கண்ட உண்மை. மறுபுறம், லாரியின் கேபின் ஓட்டுநர்க்கு வேலையிடம் மட்டுமன்று; அவர் உண்டு உறங்கும் வீடும் அதுவே. அங்கே இரவும் பகலும் ஒரு கண் விழித்திருப்பதை எவர்தாம் விரும்புவர்? நேரம் முடிந்து நிற்க வேண்டுமானால் அச்சமின்றி நிறுத்த இடமும், குளிக்க நீரும், படுக்க நிழலும் வழியில் வேண்டுமன்றோ? அவை இல்லாதவிடத்துக் கட்டாய ஓய்வு மற்றுமொரு துன்பமாகும்.

ஆகவே, கருவி வருமுன் சில ஏற்பாடுகள் வர வேண்டும். காத்திருப்பும் வேலையே என்று ஏற்று அதற்குக் கூலி வகுக்க வேண்டும். நடைக்கு மட்டும் கூலி என்னும் முறை குறைந்து, நாளுக்கும் மணிக்கும் கூலி என்னும் முறை வளர வேண்டும். ஒரே லாரி உடையவரிடம் வேலை செய்பவரும் சட்டத்தின் நிழலுக்குள் வர வேண்டும். அதனால் வாடகை சற்று உயரலாம். தீப்பெட்டியின் விலையில் ஓரிரு காசு கூடலாம். அச்செலவை இப்போது ஓட்டுநர் தம் உறக்கத்தால் செலுத்தி வருகிறார் என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவர்களே, சட்டங்களையும் கருவிகளையும் பற்றிப் படிக்கும்போது, இது எதனை அளக்கிறது, எதனை அளக்காமல் விடுகிறது என்னும் இரண்டு கேள்விகளையும் தவறாமல் கேளுங்கள். உமணரின் எருது எதனையும் அளக்கவில்லை. ஆயினும், தன் களைப்பால் மனிதனுக்கு ஓய்வளித்தது. இன்றைய கருவியோ நொடியையும் அளக்க வல்லது. உழைத்த நேரத்தை அளக்கும் அக்கருவி, அந்நேரத்திற்குரிய கூலியையும் பெற்றுத் தருமாயின் ஓட்டுநர்க்குக் காவலாகும். இல்லையேல் அது விலங்காகும். அதனை எவ்வாறு ஆக்குவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நாளைய குடிமக்களாகிய உங்களுடையது.